அடிக்கு அரை அங்குலம்

கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள். மின்விசிறியை நிறுத்தியாயிற்று. என் இடது கையில் ஏழு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத ஒரு வட்டத் துண்டு. வலது கையில் நுனியை ஈரமாக்கிய பல் குத்தும் குச்சி. அந்த நுனியில் ஒரே ஒரு கசகசா. பதினாறு ஒட்டியாயிற்று, இது பதினேழாவது. இப்போது யாராவது கதவைத் தட்டினால் பாதி இராத்திரி வேலை பாழ். இதோ இறக்குகிறேன்... வைத்தாயிற்று! நிற்கிறது! பார்த்தீர்களா, நிற்கிறது!

இது போர் போடும் லாரியின் பிட். பூமிக்குள் முதலில் இறங்கி, பாறையை முகத்தால் முட்டி நொறுக்கும் இரும்புத் தலை. நிஜத்தில் இதன் குறுக்களவு ஆறரை அங்குலம், அதாவது 165 மில்லிமீட்டர். முகப்பில் டங்ஸ்டன் கார்பைடு குமிழ்கள் பதித்திருக்கும். இந்த மேசையில் எல்லாமே நிஜத்தில் இருபத்து நாலில் ஒரு பங்கு. ஆகவே பிட் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 16 மில்லிமீட்டர் குமிழ், முக்கால் மில்லிமீட்டரைக்கூடத் தொடாது. அந்த அளவில், அந்த உருண்டையில், ஒன்றுபோல் ஆயிரக்கணக்கில் எந்தக் கடையில் கிடைக்கும்? மூன்று வாரம் தேடினேன். கடைசியில் குருமாவுக்கு அரைக்க அம்மா எடுத்து வைத்திருந்த கிண்ணத்துக்குள்ளேயே கிடந்தது. டீ வடிகட்டியில் சலித்துச் சின்னதை மட்டும் பொறுக்கி எடுத்தேன். வெள்ளிச் சாயம் ஒரு பூச்சு. அவ்வளவுதான். பூதக் கண்ணாடிக்குள் பார்த்தால் பாறை நடுங்கும்!

சரி, உள்ளே வாருங்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், கீழே தகரத் துணுக்குகள் கிடக்கின்றன. இது பாலவனத்தம். அருப்புக்கோட்டைப் பக்கம். 1901-ல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தைக் கண்ட பாண்டித்துரைத் தேவரின் ஜமீன் ஊர். கடல் எட்டாத இந்தக் கரிசல் காட்டின் ஜமீன்தார், வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனிக்குத் தலைவராகவும் இருந்தார். அந்தக் கம்பெனியின் ‘காலியா’ கப்பலையும் ஒருநாள் செய்து பார்க்க வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. இப்போதைக்கு மேசையில் இருப்பது லாரிதான். பந்தயக் காரோ பளபளக்கும் சொகுசு வண்டியோ அல்ல, வேலை செய்யும் லாரி. எங்கள் சீமையில் கோடை வந்தால் சனங்கள் வாசலில் நின்று எதிர்பார்க்கும் வண்டி.

போர் லாரி ஒரு காட்டுக்குள் திரும்புகிற நாள் இங்கே திருவிழாவுக்குக் குறைந்ததல்ல. நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, ஓரிடத்தில் கல்லை நட்டிருப்பார். சூடம், எலுமிச்சை, மஞ்சள். அக்கம்பக்கத்துக் காட்டுக்காரர்கள் எல்லாம் வேப்பமர நிழலில் கூடியிருப்பார்கள். லாரியின் நம்பர் பலகையில் பெரும்பாலும் டி.என். 34 என்று இருக்கும். அது திருச்செங்கோடு. தமிழ்நாட்டில் ரிக் வண்டி என்றாலே அந்த ஊர்தான். அங்கிருந்து கிளம்பி இந்தியாவின் எந்த மூலைக்கும் போய்த் துளை போட்டுவிட்டு வருகிறார்கள். சிறுவயதில் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக நின்று, தண்ணீர் வருமா வராதா என்று எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் மட்டும் லாரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று தொடங்கியது இது.

ஏன் இருபத்து நாலில் ஒன்று? இதைச் சொல்வதில் எனக்குத் தனி மகிழ்ச்சி! ஓர் அடிக்குப் பன்னிரண்டு அங்குலம். அதை இருபத்து நாலால் வகுத்தால் அரை அங்குலம். கணக்குப் போடவே வேண்டாம். நம் ஊரில் லாரிப் பட்டறைக்காரர் இன்றும் அடி அங்குலத்தில்தான் பேசுகிறார். அவர் ‘எட்டடி’ என்றால் நான் நாலு அங்குலம் வெட்டுவேன். அவர் ‘இருபதடி ராடு’ என்றால் எனக்குப் பத்து அங்குலக் குச்சி. வெளிநாட்டில் பொம்மை வீடு கட்டுகிறவர்களும் இதே அரை அங்குலக் கணக்கை வைத்திருக்கிறார்கள். கடைகளில் கிடைக்கும் பெரிய பெரிய ரிமோட் லாரிகள், ஜப்பானின் டாமியா கம்பெனி செய்பவை, பதினாலில் ஒன்று. அழகுதான், ஆனால் எங்கள் வீட்டு மேசைக்கு அடங்காது.

கடையில் பெட்டியாக வாங்கி, எண் பார்த்து ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. இந்த லாரிக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது, வரவும் வராது. காரணத்தைக் கேளுங்கள், இதுதான் இந்த வேலையிலேயே என்னைத் துள்ள வைக்கிற சங்கதி. நிஜ லாரியே ஒரு பெட்டியிலிருந்து வந்ததல்ல! 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று சென்னையில் பிறந்து, 1955-ல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறிய கம்பெனியாகட்டும், வேறு கம்பெனியாகட்டும், வெகுகாலம் லாரி என்று விற்றது பெரும்பாலும் சேசிஸைத்தான். எஞ்சின், சக்கரம், முன்முகம், ஸ்டியரிங். டிரைவர் தலைக்கு மேல் கூரைகூட இருக்காது. தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெட்டவெளியில் சேசிஸ் ஓட்டி வருகிறவர்களை நெடுஞ்சாலையில் பார்த்திருப்பீர்கள். மற்றதெல்லாம் பட்டறையில் கட்டியது. நாமக்கல்லிலும் திருச்செங்கோட்டிலும் ஓர் ஆள் தகரத்தை வெட்டி, மடக்கி, பற்றவைத்து, முதலாளியின் விருப்பப்படி கேபினும் மேடையும் செய்தார். ஒரு பட்டறையின் வண்டிபோல் அடுத்த பட்டறையின் வண்டி இராது. ஆகவே நான் செய்வது புது வித்தையே அல்ல. அவர் செய்த அதே வேலையை, அதே வரிசையில், அடிக்கு அரை அங்குலத்தில் செய்கிறேன். அவர் கையில் வெட்டுக்கத்தரி இருந்த இடத்தில் என் கையில் நகவெட்டி. அவ்வளவுதான் வித்தியாசம்.

இனி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்க்கலாம்.

முதலில் மாஸ்ட். லாரியின் முதுகில் படுத்து வந்து, வேலை நேரத்தில் நிமிர்ந்து நிற்குமே, அந்தக் கோபுரம். நான் அளந்த வண்டியில் முப்பது அடி. எனக்குப் பதினைந்து அங்குலம். நிஜத்தில் இது ஆங்கிள் இரும்பைக் கட்டம் கட்டமாகப் பற்றவைத்தது. அத்தனை சின்ன ஆங்கிளுக்கு எங்கே போவது? எங்கள் மாவட்டத்திலேயே சிவகாசி இருக்கும்போது என்ன கவலை! மாதக் காலண்டரின் உச்சியில் ஒரு தகரப் பட்டை மடித்து அடித்திருப்பார்கள், பார்த்திருக்கிறீர்களா? வருடம் முடிந்ததும் தூக்கிப்போடுகிற அந்தப் பட்டைதான். அதன் கனம் கால் மில்லிமீட்டருக்கும் குறைவு. இருபத்து நாலால் பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர். நிஜ மாஸ்ட்டில் போடுகிற ஆங்கிளின் கனம்! முதன்முதலில் இந்தக் கணக்குப் பொருந்தி வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

பட்டையை நிமிர்த்தி, இரும்பு ஸ்கேலை ஓரத்தில் அழுத்தி, பிளேடால் ஒரு கோடு கீறி மடக்கினால் ‘ட’ போல ஆங்கிள் ரெடி. இப்படி நாலு நெடுங்கால், இடையில் தொண்ணூற்றாறு குறுக்குச் சட்டம். எல்லாவற்றையும் ஈயப் பற்று வைத்தே இணைத்தேன். இதில் ஒரு வில்லங்கம் உண்டு. ஒரு மூட்டைச் சூடாக்கினால் அரை அங்குலம் தள்ளி இருக்கும் முந்தின மூட்டின் ஈயமும் இளகி, சட்டம் கழன்று விழும். முதல் மாஸ்ட் இப்படித்தான் அறுபதாவது மூட்டில் சீட்டுக்கட்டுபோலச் சரிந்தது. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை. பிறகுதான் வழி பிடிபட்டது. ஈரப் பஞ்சை உருட்டிப் பக்கத்து மூட்டின் மேல் வைத்துவிட வேண்டும். சூடு அங்கே போவதற்குள் பஞ்சின் ஈரம் குடித்துவிடும். ‘உஸ்’ என்று ஒரு சத்தம், ஒரு பொட்டு ஆவி, மூட்டு நின்றுவிடும். மூட்டுக்கு மூட்டு ‘உஸ்’! ஒவ்வொன்றுக்கும் என் அம்மா அடுப்படியிலிருந்து “என்னடா கருகுது?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பஞ்சைப் பற்றி இன்னொரு விஷயம். பருத்தி விளைகிற ஊர் என்பதால் இதை உரக்கவே சொல்கிறேன். ஃபெவிக்விக் வழிந்தால் பஞ்சாலோ பனியன் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியும் அந்தப் பசையும் சேர்ந்தால் சட்டென்று சூடேறிப் புகையும், விரல் வெந்துவிடும். ஆனால் அதே பசையோடு ஆப்ப சோடாவைச் சேர்த்துப் பாருங்கள், மாயம்! மூலையில் ஒரு சிட்டிகை சோடா மாவைத் தூவி, மேலே ஒரு சொட்டுப் பசை. கண் இமைக்கும் நேரத்தில் கல்லாகிவிடும். பார்ப்பதற்கோ நிஜ வெல்டிங் தழும்பு போலவே பொருபொருவென்று இருக்கும். லாரியின் பின் மேடையில் நீங்கள் பார்க்கும் வெல்டிங் எல்லாம் ஆப்ப சோடாதான். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள், அதன் நெடி கண்ணைக் கரிக்கும்.

ஜாக்கிகளைப் பாருங்கள், இந்த நாலு கால்கள். லாரி துளை போடும்போது அதிராமல் இருக்க, வண்டியையே தரையிலிருந்து தூக்கி நிறுத்துபவை. உள்ளேயிருந்து பளபளவென்று இரும்புத் தண்டு நீண்டு வரவேண்டும், திரும்ப உள்ளே போகவேண்டும். தாத்தாவின் டிரான்சிஸ்டர் ரேடியோ ஆன்டெனா! ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் குழாய்கள், குரோம் பூச்சோடு, யாரோ எனக்காகவே செய்து வைத்ததுபோல. மூன்று கண்ணிகளை வெட்டினால் ஒரு ஜாக்கி. அடியில் தட்டு வேண்டுமே? சட்டைப் பொத்தான். மேடையின் அடிச்சட்டங்கள் எல்லாம் குடைக்கம்பி. குடைக்கம்பியை உற்றுப் பார்த்தால் அது உருண்டையான கம்பியல்ல, நடுவில் வாய்க்கால் ஓடும் சேனல். மூன்று மில்லிமீட்டர் அகலம். இருபத்து நாலு மடங்கு பெருக்கினால் மூன்றங்குலச் சேனல் இரும்பு. பட்டறையில் கேட்டால் கொடுப்பார்களே, அதே!

டயருக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. ரப்பர்ச் செருப்பில் டயர் வெட்டாத பிள்ளைகள் நம் தலைமுறையில் யார்? நிஜ டயர் மூன்றரை அடி உயரம், எனக்கு 44 மில்லிமீட்டர். முன்னால் இரண்டு, பின்னால் எட்டு, ஸ்டெப்னி ஒன்று, ஆகப் பதினொன்று. செருப்புத் துண்டை டிரில்லில் மாட்டிச் சுழலவிட்டு, உப்புத்தாளில் தேய்த்து உருட்ட வேண்டும். சூடாக்கிய பிளேடால் பட்டன் வெட்டு. ரப்பர் நாற்றம் மூன்று நாள் வீட்டை விட்டுப் போகாது.

இப்போது முகத்துக்கு வருவோம். ஹெட்லைட்டை உற்றுப் பாருங்கள். மாத்திரை அட்டையின் குமிழ்! மாத்திரையை எடுத்த பிறகு ஒளி ஊடுருவும் அந்தக் குழியை அப்படியே வெட்டி, பின்னால் அட்டையின் வெள்ளித் தாளையே வைத்தால் கண்ணாடி விளக்கு கண் சிமிட்டும். பின்பக்கத்துச் சிவப்பு எதிரொளிப்பான் ஸ்டிக்கர் பொட்டு, ஆகச் சின்ன அளவு. பாய்க்கடைத் தெரு ஃபேன்சி ஸ்டோரில் நான் பொட்டு அட்டையை ஸ்கேல் வைத்து அளந்து வாங்கியதைக் கடைக்காரம்மா இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். பக்கப் பலகைகளின் ரீப்பர் எல்லாம் சாத்தூர்ப் பக்கத்து மரத் தீக்குச்சி. குச்சியின் தடிமன் இரண்டு மில்லிமீட்டர், ரீப்பருக்கு அச்சாக இரண்டு அங்குலம். கேபினுக்குப் பெயர்ப்பலகைக் கடையில் மிஞ்சும் ஃபோம் ஷீட். அதை வெட்டுவதில் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, கூரான பிளேடும் பொறுமையும் போதும்.

ஒரே ஒரு முறை கேபினில் அழுதிருக்கிறேன். முன்கண்ணாடியை ஃபெவிக்விக்கால் ஒட்டிவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் கண்ணாடி முழுக்க வெள்ளைப் பனி. அந்தப் பசையின் ஆவி மூடிய இடத்துக்குள் சுற்றி, கண்ணாடியில் படிந்துவிடும். துடைத்தாலும் போகாது. உள்ளே ஸ்டியரிங், கியர் கம்பி, டிரைவருக்குப் பின்னால் படுக்கிற பலகை, சாமி படத்துக்கு முன் ஒரு துளி மல்லிகைச் சரம், எல்லாம் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் வெளியே தெரியவில்லை. கேபினைப் பிரித்து மறுபடி கட்டினேன். இப்போது கண்ணாடிக்கு ஃபெவிகால்தான். மெதுவாகக் காயும், ஆனால் தெளிவாகக் காயும்.

இங்கே கொஞ்சம் குனியுங்கள். பம்பருக்கு நடுவே தொங்குகிறதே, தெரிகிறதா? எலுமிச்சம்பழமும் மிளகாயும்! எலுமிச்சையின் குறுக்களவு நாலு, நாலரை சென்டிமீட்டர். இருபத்து நாலால் வகுத்தால் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடுகு! ஒரு கடுகுக்கு மஞ்சள் சாயம், அதன் மேலும் கீழும் அருப்புக்கோட்டை நூலில் முடிச்சிட்டுச் சிவப்பு தோய்த்த மிளகாய். ஊசி கோத்தால் கடுகு இரண்டாகப் பிளந்துவிடுகிறது. ஆகவே நூலைப் பசையால் ஒட்டினேன். இதைக் கண்டுபிடித்தவுடன் அக்காவுக்கு இரவு பதினொன்றரைக்கு போன் போட்டேன். அவள் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. பிறகு, “பழைய செருப்பு தொங்கவிடலையா?” என்று கேட்டாள். மறுநாள் அதுவும் ஆயிற்று. டயர் வெட்டிய செருப்பின் தூசியிலேயே ஒரு செருப்பு!

உலகத்திலேயே புகழ்பெற்ற சின்ன வண்டிகளின் கதையும் தீப்பெட்டியில்தான் தொடங்குகிறது, தெரியுமா? லண்டனில் 1947-ல் தொடங்கிய லெஸ்னி கம்பெனியின் ஜாக் ஓடெல் என்ற பொறியாளர். அவர் மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டுவரலாம் என்று விதி. அப்பா உட்கார்ந்து, தீப்பெட்டிக்குள் போகிற மாதிரி ஒரு ரோடு ரோலரைச் செய்து கொடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் 1953-ல் வெளியான ‘மேட்ச்பாக்ஸ்’ வரிசை. அதன் முதல் மூன்று வண்டிகள் என்ன என்று பாருங்கள். ரோடு ரோலர், டம்பர், கான்கிரீட் கலவை எந்திரம். மூன்றும் வேலை வண்டிகள்! இதைப் படித்த அன்று என் போர் லாரியை இன்னொரு முறை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அளவெடுத்த கதையைச் சொல்லாமல் விட்டால் பாதி ருசி போய்விடும். திருச்சுழி போகிற பக்கத்தில் ஒரு காட்டில் போர் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு டேப்பும் நோட்டுமாகப் போய் நின்றேன். டிரைவர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். “என்னங்ணா, வண்டிய அளந்துட்டு இருக்கறீங்க, வெலைக்கு வேணுங்களா?” கைப்பேசியில் என் மாஸ்ட்டின் படத்தைக் காட்டினேன். மனிதர் குதித்து இறங்கிவிட்டார். படத்தைப் பெரிதாக்கி, குறுக்குச் சட்டங்களை விரல் வைத்து எண்ணினார். பிறகு, “எல்லாஞ் சரிங்ணா. செயின் மட்டும் ஒத்த வரிசை போட்டிருக்கறீங்க. இங்க வந்து பாருங்க, ரெட்டை வரிசை” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார். சுழலும் தலையை மாஸ்ட்டில் மேலும் கீழும் இழுக்கிற செயின் அது. இத்தனை படம் எடுத்தும் நான் கவனிக்காததை அவர் ஒரு நொடியில் பிடித்தார். வீட்டுக்கு வந்ததும் கவரிங் செயின் இரண்டை அருகருகே வைத்துத் தைத்தேன். இப்போது சரி. அந்த வண்டியில் வேலை பார்த்த வடக்கத்திப் பையன்கள் மூவரும் படத்தைப் பார்க்க முண்டியடித்தார்கள். அவர்கள் தலைமுடி, புருவம் எல்லாம் கல் பொடியில் வெளுத்திருந்தது. வாயில் ஒரு துண்டுதான் கட்டியிருந்தார்கள். பாறைப் பொடி நெஞ்சுக்குள் போய்த் தங்கினால் நுரையீரலைக் கெடுக்கும். நல்ல முகமூடி அவர்களுக்குக் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தப் பொடி எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் இந்த எந்திரத்தின் அழகே விளங்கும். கம்ப்ரசர் காற்றை அழுத்தி ராடுக்குள் அனுப்புகிறது. அடியில் ஹேமருக்குள் இருக்கும் பிஸ்டனை அந்தக் காற்று மேலும் கீழும் ஓங்கி அடிக்க, பிஸ்டன் பிட்டை அடிக்க, பிட் பாறையை அடிக்கிறது. வேலை முடிந்த காற்று பிட்டின் முகத்தில் உள்ள துளை வழியாக வெளியேறி, நொறுங்கிய பொடியை ராடுக்கு வெளிப்புறமாக மேலே தள்ளிக்கொண்டு வருகிறது. என் பிட்டிலும் இரண்டு துளை ஊசியால் குத்தியிருக்கிறேன், கசகசாக்களுக்கு நடுவே. தேடிப் பாருங்கள்!

ராடுகள் பலூன் குச்சி. ஒன்று பத்து அங்குலம். எண்ணூறு அடி போர் என்றால் நாற்பது ராடு வேண்டும், நாற்பதும் செய்து அடுக்கியாயிற்று. ஒரு மழை நாளில், நாற்பதையும் ஒன்றோடொன்று செருகிக் கூடத்திலிருந்து வாசல் வழியாகத் தெருவரைக்கும் நீட்டிப் பார்த்தேன். 33 அடி 4 அங்குலம். எங்கள் காட்டில் தாத்தா கமலை பூட்டி இறைத்த கிணற்றின் ஆழம் ஏறத்தாழ அவ்வளவுதான். நிஜ அடியில். இருபத்து நாலில் ஒன்றாகச் சுருக்கிய போரின் ஆழமும், சுருக்காத பழைய கிணற்றின் ஆழமும் ஒன்றாக வந்து நிற்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. அப்பா நடுவாசலில் நின்று அந்தக் குச்சி வரிசையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. மழை விட்டதும் அவரே ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கி வைத்தார்.

இனி நீங்கள் காத்திருந்த கட்டம். இந்த ஐந்து மில்லி சிரிஞ்சை உங்கள் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துங்கள். மெதுவாக... பாருங்கள், மாஸ்ட் எழுந்திருக்கிறது! பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சியில் சிரிஞ்சும் சலைன் டியூபும் வைத்து ஜேசிபி செய்வோமே, அதே பாஸ்கல் விதிதான். மாஸ்ட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒரு மில்லி சிரிஞ்சு. அதன் வெளி அளவு ஆறு மில்லிமீட்டர் சொச்சம், நிஜ ஹைட்ராலிக் சிலிண்டருக்கு ஏறத்தாழச் சரியான அளவு. மருந்துக்கடையில் புதிதாகவே வாங்குங்கள், பயன்படுத்திய சிரிஞ்சைத் தொடாதீர்கள். டியூபுக்குள் ஒரு காற்றுக் குமிழ் இருந்தாலும் கை அழுத்துவதைக் காற்று விழுங்கிவிடும், மாஸ்ட் தள்ளாடும். சிரிஞ்சைத் தண்ணீர் வாளிக்குள் முக்கியே இணைத்தால் குமிழ் வராது. எண்ணெயும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், பச்சைத் தண்ணீர் நாலு மில்லி. அதுதான் கோபுரத்தை நிமிர்த்துகிறது!

வண்ணம் பூசி முடித்தபோது லாரி புத்தம் புதிதாக இருந்தது. அது பொய். வேலை செய்கிற லாரி அப்படி இருக்காது. முதலில் துருவின் நிறம் பூசி, காய்ந்ததும் தண்ணீர் தெளித்து, இடித்த கல் உப்பை ஓரங்களில் ஒட்டவிட்டு, அதன் மேல் நீலமும் மஞ்சளும் அடித்தேன். காய்ந்த பின் பிரஷ்ஷால் தேய்த்தால் உப்பு உதிர்ந்து, வண்ணம் பெயர்ந்து, உள்ளே இருக்கும் துரு எட்டிப் பார்க்கிறது. அப்புறம் தூசி. மண்ணை எடுத்துத் தூவினால் அது இந்த அளவுக்குக் கூழாங்கல் ஆகிவிடும். திருச்சுழிப் பக்கத்துப் போரிலிருந்து ஒரு டப்பா பொடி அள்ளி வந்திருந்தேன், இருநூறு அடிக்குக் கீழே இருந்து வந்த சாம்பல் வெள்ளைப் பொடி. முகத்தில் முகமூடி கட்டிக்கொண்டு வேட்டித் துணியில் மூன்று முறை சலித்தேன். நீர்த்த ஃபெவிகாலைத் தெளித்து அதை ஊதி ஒட்டினேன். இந்த லாரியின் மேல் நீங்கள் பார்க்கிற தூசி சாயமல்ல. எங்கள் பூமிக்குள்ளிருந்து வந்த நிஜப் பாறை!

நிற்கிற பலகையின் ஓரத்தில் ஒரு சின்னக் குழாய் தெரியும். தண்ணீர் வராமல் விட்ட போர். அதற்கு மூடி போட்டு நட்டு முடுக்கியிருக்கிறேன். பொம்மையில்கூட வாய் திறந்த போரை விட எனக்கு மனம் வரவில்லை. உங்கள் காட்டில் அப்படி ஒன்று திறந்து கிடந்தால் இன்றைக்கே மூடிவிடுங்கள்.

கம்ப்ரசரை ஏற்றிக்கொண்டு கூடவே வரும் லாரி இன்னும் பாக்கி. ரேடியேட்டர் வலைக்கு டீ வடிகட்டி வாங்கியாயிற்று, ஹோஸுக்கு ஒயர் உறை இருக்கிறது. அடிச்சட்டத்துக்கு மட்டும் கம்பி போதவில்லை. ஆகவே ஒரு வேண்டுகோள். பழைய இரும்புக்காரர் தெருவில் கூவிக்கொண்டு வரும்போது கிழிந்த குடையை எடுத்து நீட்டுவதற்கு முன் அதன் கம்பியை ஒரு முறை புரட்டிப் பாருங்கள். ஒரு குடையில் எட்டுக் கம்பி. எனக்கு இன்னும் ஐந்து குடை வேண்டும்.